பிசைந்து ஊட்டாதீர்கள், பிசைய விடுங்கள்!



"டிரஸர், பிள்ளை சோறே தின்ன மாட்டேங்குது, சத்து மருந்து ஏதாச்சும் கொடுங்க." தோட்ட மருந்தகத்தில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சரி, பிள்ளை என்னதான் சாப்பிடுகிறது என்று விசாரித்தால் பதில் வேறு மாதிரி வரும். காலையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். பள்ளி விட்டு வந்ததும் பாக்கெட் மீ. சாயங்காலம் கெரோப்போக். ராத்திரி குழம்புச் சோறு. அதில் கிடந்த காய்கறியெல்லாம் தட்டின் ஓரத்தில். ஆக, பிள்ளை தின்னாமல் இல்லை. தின்பதில் சத்துதான் இல்லை. அந்தச் சத்தை மருந்துப் புட்டியில் தேடுவதைவிடச் சோற்று மங்கில் தேடுவதே நல்லது என்பது என் கட்சி.

அதற்கு ஒரு வழியாக இந்த மாதம் ஒரு கொரியச் சோற்றைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள். அதன் பெயர் பிபிம்பாப். கொரிய மொழியில் 'பிபிம்' என்றால் கலப்பது, 'பாப்' என்றால் சோறு. கலந்த சோறு, அவ்வளவுதான் சங்கதி.

நமக்கு ஏன் கொரியச் சோறு?

பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் முன்பே தெரியும். கைப்பேசியிலும் டிவியிலும் கொரிய நாடகம் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு அது வேணும்" என்று கேட்கிற பிள்ளைகள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன வீடுகளிலும் இருக்கிறார்கள். கேட்கும் பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

சிலர் பேரங்காடிக்குக் கூட்டிப் போகிறார்கள். கோலாலம்பூர்ப் பக்கம் கொரியச் சாப்பாட்டுக் கடையில் ஒரு மங்கு சுமார் இருபது வெள்ளி. நான்கு பேருக்கு எண்பது வெள்ளி. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். ஒரு நாள் முழுக்கக் குலை வெட்டிய காசு ஒரு வேளைச் சோற்றுக்குப் பற்றவில்லை.

இன்னும் சிலர் கொரியக் கார மீ பாக்கெட் வாங்கிக் கொடுத்து ஆளை அடக்கிவிடுகிறார்கள். இது அதைவிட மோசம். 2024 ஜூன் மாதத்தில் டென்மார்க் அரசு, காரம் அளவுக்கு மீறியது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று சொல்லி அந்த மாதிரி மீயில் மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. பிறகு மறுபடி ஆராய்ந்து சிலவற்றை மட்டும் விற்கவிட்டது. காரத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், அந்தப் பாக்கெட்டில் இருப்பது மாவும் எண்ணெயும் உப்பும்தான். காய்கறி என்று இருப்பது காய்ந்துபோன நாலு துணுக்கு.

கொரியாவின் நல்ல சோற்றை விட்டுவிட்டு அதன் பாக்கெட்டை மட்டும் வீட்டுக்குள் விட்டிருக்கிறோம். இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

இது ஏழைகள் சோறு

பிபிம்பாப் என்பது என்ன? ஒரு பெரிய மங்கில் அடியில் சோறு. மேலே ஐந்தாறு வகைக் காய்கறிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக வதக்கியோ வேகவைத்தோ கொஞ்சம் எள்ளெண்ணெய் சேர்த்து, ஒன்றோடொன்று கலக்காமல் பூக்கோலம் போட்ட மாதிரி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு முட்டை. சாப்பிடுகிறவர் மிளகாய் விழுதைப் போட்டுத் தாமே கலந்து சாப்பிட வேண்டும். பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறமும் மங்கில் இருப்பது அவர்கள் வழக்கம். தென் கொரியாவில் ஜொன்ஜூ என்ற ஊர் இந்தச் சோற்றுக்குப் பேர்போனது.

இது எப்படித் தோன்றியது என்பதற்கு அவர்களிடம் பல கதைகள் உண்டு. வயலில் வேலை செய்தவர்கள் கொண்டுபோன சோற்றையும் கறியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்து பங்கிட்டார்கள் என்பது ஒன்று. முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிட்ட பிறகு, படைத்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து உண்டார்கள் என்பது இன்னொன்று. படிக்கும்போதே உங்களுக்கு நம் வீட்டு ஞாபகம் வரும். படையல் எடுத்த பிறகு பாட்டி எல்லாக் கறியையும் சோற்றோடு பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு உருண்டை வைப்பாரே, அந்த ருசியும் இதுவும் ஒரே வம்சம். நம் கூட்டாஞ்சோறும், மலாய்க்காரர்களின் நாசி உலாமும் இதற்குச் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்.

கொரியர்களும் நேற்றுவரை கஷ்டப்பட்டவர்கள்தான். 1960களிலும் 70களிலும் அங்கே அரிசி பற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அரிசியோடு பார்லி கலந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். அப்படிப்பட்ட சனங்களின் சோறு இது. குளிர்சாதனக் கடையில் விற்பதால் இது பணக்காரச் சாப்பாடு ஆகிவிடாது.

எண்கள் சொல்லும் சேதி

"எங்க பிள்ளை நல்லாத்தானே ஓடியாடுது, எதுக்கு இவ்வளவு கவலை?" என்று கேட்பீர்கள். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல். பெரியவர்களோ நூற்றுக்கு 95 பேர் போதுமான காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை. பெரியவன் தின்னாததைப் பிள்ளை எப்படித் தின்னும்?

யூனிசெப் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவு அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களை விசாரித்தார்கள். அங்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வளர்ச்சி குன்றியவர்கள், 15 பேர் எடை குறைந்தவர்கள். அதே மாடிகளில் பிள்ளைகளில் 23 பேர் அளவுக்கு மீறிப் பருத்தவர்கள். ஒரே கூரையின் கீழ் ஒரு பிள்ளை குட்டை, இன்னொரு பிள்ளை குண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பல இப்படிப்பட்ட மாடிகளில்தான் குடியிருக்கின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு உயரம் மட்டும் குறைவதில்லை. நோயை எதிர்க்கும் சக்தியும் படிப்பில் கவனமும் குறைகின்றன. முதல் இரண்டு வயதில் விட்ட வளர்ச்சியைப் பிறகு பிடிப்பது கடினம்.

அரசாங்கக் கிளினிக் சுவரில் 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஒரு தட்டுப் படம் ஒட்டியிருப்பார்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பயறு போன்றவை, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்பது அதன் பொருள். நம் வீட்டுத் தட்டிலோ முக்கால் பங்கு சோறு, கால் பங்கு குழம்பு. பிபிம்பாப் மங்கைப் பாருங்கள். அந்தப் படத்தில் உள்ள கணக்கு சொல்லாமலே அதில் அமைந்திருக்கிறது. நான் இதைச் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

செய்யும் முறை

இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்கு:

பால் டின்னில் ஒன்றரை டின் அரிசி. ஒரு கட்டுப் பாயாம் கீரை. நடுத்தரக் காரட் ஒன்று. தவ்கே இரண்டு கைப்பிடி. பூசணிக்காய் ஒரு கீற்று அல்லது வெள்ளரி ஒன்று. தௌஃபூ ஒரு கட்டி. முட்டை நான்கு. நெத்திலி ஒரு கைப்பிடி. பூண்டு நாலு பல். எள் ஒரு மேசைக்கரண்டி. நல்லெண்ணெய், கிச்சாப், லிமாவ் கஸ்தூரி இரண்டு.

கொரியர்கள் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் ஊற்றுவார்கள். அந்தச் சிறு புட்டியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். நம் நல்லெண்ணெயும் எள்ளில் வந்ததுதான். எள்ளைச் சட்டியில் வெடிக்க வறுத்துப் பொடித்துத் தூவினால் அந்த வாசம் வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் உள்ள நம் மளிகைக் கடைகளில் எள்ளும் நல்லெண்ணெயும் தாராளமாகக் கிடைக்கின்றன.

முதலில் சோற்றை வடித்துக்கொள்ளுங்கள். நெத்திலியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்து, அம்மியிலோ மிக்சியிலோ பொடி செய்யுங்கள். காரட்டை மெல்லிய குச்சியாகச் சீவுங்கள். பூசணியைச் சிறு துண்டாக நறுக்கி மெதுவாக வேகவையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் தவ்கேயைப் போட்டு நன்றாக வேகவைத்து எடுங்கள். அதே தண்ணீரில் கீரையை ஒரு நிமிஷம் போட்டு எடுத்துப் பிழிந்து, நசுக்கிய பூண்டும் அரைக் கரண்டி நல்லெண்ணெயும் விட்டுப் பிரட்டுங்கள்.

பிறகு ஒரே குவாலியில், கழுவக்கூட வேண்டாம், முதலில் முட்டையை மெல்லிய அடையாக ஊற்றி எடுத்து நீளநீளமாக வெட்டுங்கள். அடுத்து தௌஃபூவைச் சிறு துண்டுகளாக்கி வறுத்து எடுங்கள். கடைசியில் காரட்டைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்குங்கள். வெளுத்த நிறம் முதலில், அடர்ந்த நிறம் பிறகு என்று வதக்கினால் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறாது.

மிளகாய் விழுதுக்குப் பதில் பிள்ளைகளுக்கு ஒரு சாறு கலக்குங்கள். கிச்சாப் இரண்டு தேக்கரண்டி, வெந்நீர் நாலு தேக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு சிட்டிகை, லிமாவ் கஸ்தூரிச் சாறு. நான்கு பேருக்கும் இது போதும். வேறு உப்பே வேண்டாம், கிச்சாப்பிலும் நெத்திலியிலும் இருப்பதே மிச்சம். பெரியவர்கள் தங்கள் பங்கில் சம்பாலைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

மங்கில் ஓர் அகப்பை சோறு, சுற்றிலும் காய்கறி, நடுவில் முட்டை, மேலே எள்ளும் நெத்திலிப் பொடியும். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேர வேலை. விடியற்காலை பிரட்டுக்குப் போகும் தாய்மார் ராத்திரியே காரட்டையும் பூசணியையும் நறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பொதுவாகக் கொரியர்கள் இதில் மாட்டிறைச்சியும் சேர்ப்பார்கள். நமக்கு அது வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் முட்டைக்குப் பதிலாகக் கோழி ஈரலைக் கொஞ்சம் வதக்கிப் போடுங்கள். ரத்தம் ஊறுவதற்கு கீரையைக் காட்டிலும் ஈரலில் உள்ள இரும்புச் சத்து சுலபமாக உடம்பில் சேரும். கீரையின் இரும்புச் சத்து சேர்வதற்குப் புளிப்புப் பழச்சாறு உதவுகிறது, அதற்காகத்தான் லிமாவ். தேத்தண்ணி அதைத் தடுக்கிறது. ஆகவே சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். காரட், பூசணியில் உள்ள கண்ணுக்கான சத்து எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். நல்லெண்ணெய்க்கு அதுதான் வேலை.

பிள்ளை கையில் கரண்டியைக் கொடுங்கள்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சோற்றில் பிள்ளையின் மனசை மாற்றக்கூடியது ருசி மட்டும் அல்ல, கலக்கும் உரிமை.

நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் பிசைந்து, பிள்ளையைத் துரத்திப் பிடித்து, கைப்பேசியைக் காட்டி வாய்க்குள் திணிக்கிறோம். என்ன தின்கிறோம் என்றே பிள்ளைக்குத் தெரியாது. பிறகு காரட் துண்டைக் கண்டால் ஏன் அது முகம் சுளிக்காது? பிபிம்பாப்பில் ஒவ்வொரு காயும் தன் நிறத்தோடு தனியாகத் தெரிகிறது. "எது வேணுமோ அதை முதல்ல போட்டுக் கலக்கு" என்று சொல்லுங்கள். முதல் நாள் முட்டையும் சோறும் மட்டும் தின்னும். விடுங்கள். அடுத்த தடவை ஒரு காரட் குச்சி போகும். புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்துத் தடவை, சில பிள்ளைக்கு அதற்கு மேலும், கண்ணில் காட்ட வேண்டியிருக்கும். ரெண்டாம் தடவையே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று முத்திரை குத்துவது நாம்தான், பிள்ளை அல்ல.

தவ்கே வால் கிள்ளுவது, முட்டை அடிப்பது, எள் தூவுவது, இதெல்லாம் ஆறு வயதுப் பிள்ளை செய்யும். ஆம்பிளப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். தான் செய்ததை வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைக்கு மனசு வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். சில வீடுகளில் ஆம்பிளப் பிள்ளைக்கு முழு முட்டை, பொம்பளப் பிள்ளைக்குப் பாதி. அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டியது. ரத்தசோகை யாருக்கு அதிகம் என்று பார்த்தால் அந்த அம்மாவுக்கும் பருவமடைந்த பெண்ணுக்கும்தான். மங்கு மங்காகப் பரிமாறும் இந்த முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நாலு மங்கு வைத்தால் நாலு முட்டை. யாருடைய மங்கில் முட்டை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தாய்மார்களே, உங்கள் மங்கையும் வரிசையில் வையுங்கள்.

சில எச்சரிக்கைகள்

கடையில் பாதி வெந்த முட்டையை மேலே வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது, மஞ்சள் கருவும் வேக வேண்டும். தவ்கேயைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். சமைத்த சோற்றை வெளியில் மணிக்கணக்கில் வைத்தால் அதில் நஞ்சு உண்டாக்கும் கிருமி பெருகும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பள்ளிக்குக் கட்டிக் கொடுப்பதானால் காலையில் செய்ததையே கொடுங்கள், முதல் இடைவேளையிலேயே சாப்பிடச் சொல்லுங்கள்.

ஒரு வயது ஆகாத பிள்ளைக்குக் கிச்சாப்பும் உப்பும் வேண்டாம். சோறு, பூசணி, கீரை, முட்டை ஆகியவற்றை மசித்துக் கொடுங்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்குத் தவ்கேயையும் கீரையையும் பொடியாக நறுக்குங்கள், நீளமாக இருந்தால் தொண்டையில் சிக்கும். எள்ளோ முட்டையோ சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் தடவை கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே கிளினிக்குக்கு ஓடுங்கள்.

பிள்ளையின் கண் இமையின் உள்பக்கமும் உள்ளங்கையும் வெளுத்திருக்கிறதா? மண்ணைத் தின்கிறதா? எப்போதும் சோர்ந்து கிடக்கிறதா? அப்படியானால் சோறு மட்டும் போதாது. அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் சோதித்துப் பாருங்கள், பூச்சி மருந்தும் கேளுங்கள். சத்தான சோறு நோய் வராமல் காக்கும். வந்த நோய்க்கு வைத்தியம்தான் வேண்டும்.

காசும் சங்கமும்

"காய்கறி விற்கிற விலையில் ஐந்து வகை வாங்க முடியுமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. யூனிசெப் ஆய்விலும் நூற்றுக்கு 97 குடும்பங்கள் இதைத்தான் சொல்லியிருக்கின்றன: விலைவாசியால் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு செய்ய முடியவில்லை. 2025 ஆகஸ்டோடு முட்டைக்கான மானியமும் போய்விட்டது.

ஐந்து வகையும் வேண்டும் என்பதில்லை. கீரை, ஓர் ஆரஞ்சு நிறக் காய், முட்டை அல்லது தௌஃபூ, இந்த மூன்று இருந்தால் மங்கு நிறைந்தது. முருங்கையும் பசலையும் வீட்டோரத்தில் வளரும். மாடியில் இருப்பவர்கள் பழைய பெயிண்ட் டின்னைக் கழுவி மண் நிரப்பி பாயாம் விதை தூவினால் ஒரு மாதத்தில் கீரை பறிக்கலாம். தோட்டத்தில் இருப்பவர்கள் மருந்து தெளித்த வரிசையில் முளைத்த கீரையை மட்டும் பறிக்காதீர்கள்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சம்பளம் பற்றாத வீட்டில் சமையல் குறிப்பு எவ்வளவு தூரம் போகும்? கூலி உயர்வுக்குப் பேசும்போது பிள்ளையின் தட்டையும் மேசைமேல் வைத்துப் பேச வேண்டும். காய்கறி போடக் கொஞ்சம் நிலம், ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு முட்டை, இவற்றைக் கிளைக் கூட்டத்தில் கேட்டுத் தீர்மானமாக எழுதுங்கள். இது பிச்சை அல்ல. நாளைக்கு வேலைக்கு வரப்போகும் உடம்பை இன்றைக்கே வளர்ப்பது.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். வாரத்தில் ஒரு நாள், சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கட்டும், பாக்கெட் மீக்குப் பதில் நாலு மங்கை வரிசையாக வைத்து இந்தச் சோற்றைப் பரிமாறுங்கள். பெயர் கொரியாவில் இருந்து வரட்டும். காய் நம் கொல்லையில் இருந்து வரட்டும். கலக்கும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும்.

— தோட்ட மருத்துவ உதவியாளர், கிள்ளான் வட்டாரம்